கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னு போகுதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் படிங்க

1/
வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுது. ஒருநாள் நீலத்திரை, இன்னொரு நாள் அப்படியே உறைஞ்சு நிக்குது. மறுபடி ஆன் செஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. கடைக்குக் கொண்டுபோனா நிறைய இடத்தில் கிடைக்கும் பதில் ஒண்ணுதான்: "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்."

இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு மருத்துவரா எனக்குக் கோபம் வரும். ஏன்னு சொல்றேன்.

2/
காய்ச்சல் ஒரு அறிகுறி. அதுக்குப் பின்னாடி டெங்கு இருக்கலாம், டைபாய்டு இருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். வர்றவங்க எல்லாருக்கும் ஒரே ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தா அது வைத்தியமா? டைபாய்டுக்குக் கேட்கலாம். டெங்குவுக்கு ஒண்ணும் பண்ணாது.

ஃபார்மேட்டும் அப்படித்தான். மென்பொருள் கோளாறுன்னா கேட்கும். ரேம் பழுது, மின்சப்ளை பெட்டி (எஸ்எம்பிஎஸ்) பழுது, சூடுன்னா கேட்காது. பக்கவிளைவு மட்டும் நிச்சயம். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சாதாரணமா சி டிரைவில்தான் இருக்கும். குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோவும் அங்கதான்.

3/
மாரடைப்பு வந்தவர் சில நேரம் "இடது கை வலிக்குது", "தாடை வலிக்குது"ன்னு சொல்வார். கையில் ஒண்ணும் இருக்காது. பிரச்சினை இதயத்தில்.

கம்ப்யூட்டரிலும் இது உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் கேம் விளையாடும்போது கிராஷ் ஆச்சு. திரையில் வந்த செய்தியோ "வீடியோ மெமரி போதவில்லை". அதைப் படிச்சா யாருக்கும் கிராபிக்ஸ் கார்டு மேலதான் சந்தேகம் வரும். ஆனா கோளாறு பிராசசரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம்னு 2024இல் இன்டெல்லே அறிவிச்சது. திருத்தம் வந்தது, வாரன்டியையும் 2 வருஷம் நீட்டினாங்க. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, மாத்தத்தான் வேணும். அந்த மெஷினை எத்தனை முறை ஃபார்மேட் பண்ணினாலும் என்ன பயன்?

4/
இதுக்கு நேர்மாறான கேஸும் அதே வருஷம் நடந்தது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒண்ணு தப்பாப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன. விமானங்கள் நின்னன, மருத்துவமனைகள் தடுமாறின. இதுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை நீக்குறது. காரணம் தெரிஞ்சா சிகிச்சை எவ்வளவு சின்னதாகுது பாருங்க.

5/
சரி, நீங்க என்ன பண்ணணும்?

முதல்ல உயிரைக் காப்பாத்தணும். கம்ப்யூட்டருக்கு உயிர் உங்க டேட்டா. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே முக்கியமானதை வெளி ஹார்ட் டிஸ்கிலோ கூகுள் டிரைவிலோ காப்பி எடுங்க. ஹார்ட் டிஸ்கில் டிக் டிக்னு சத்தம் வந்தா வேற எந்தச் சோதனையும் வேண்டாம், காப்பிதான் முதல் வேலை.

6/
அடுத்தது ஹிஸ்டரி. ஒரு நோட்டில் எழுதுங்க: எப்ப நின்னது, அப்ப என்ன ஓடிச்சு, அதுக்கு முன்னாடி என்ன மாறிச்சு?

கேம், வீடியோ எடிட்டிங் நேரத்தில் மட்டும்னா சூடு, மின்சப்ளை, கிராபிக்ஸ் கார்டை முதலில் சந்தேகப்படுங்க. மோட்டார் போடும்போதுன்னா கரன்ட். புது ரேம் போட்ட நாளில் இருந்துன்னா அந்த ரேம். எந்த ஒழுங்கும் இல்லாம, ஒவ்வொரு தடவையும் வேற வேற பிழைச்செய்தின்னா அப்பவும் ரேமைச் சோதிங்க.

7/
கம்ப்யூட்டரும் தனக்கு ஒரு கேஸ் ஷீட் எழுதி வைக்குது. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' (ஆங்கிலத்தில்) டைப் பண்ணினா, எந்த நாளில் எது நின்னதுன்னு வரிசையாக் காட்டும்.

ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' பார்த்துட்டு "எஸ்எம்பிஎஸ் போச்சு"ன்னு நிறையப் பேர் முடிவு கட்டிடுவாங்க. அவசரப்படாதீங்க. முறையா ஷட் டவுன் ஆகாம நின்னு திரும்ப ஆன் ஆச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். இறப்புச் சான்றிதழில் காரணம்னு "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. எல்லா மரணத்திலும் இதயம் நிக்கும். ஏன் நின்னதுங்கிறதுதான் கேள்வி.

8/
பரிசோதனைகள். காசு செலவில்லாததில் தொடங்குங்க.

- ரேம்: விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கு. இன்னும் கடுமையா சோதிக்க மெம்டெஸ்ட்86, ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா மட்டும் போட்டுப் பாருங்க.
- சூடு: பிளக்கைப் பிடுங்கிட்டு ஃபேன், ஹீட்சிங்க் தூசியைச் சுத்தம் பண்ணுங்க. பழைய மெஷின்னா தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கலாம்.
- கரன்ட்: வேற பிளக் பாயின்ட், முடிஞ்சா வேற யூபிஎஸ்.
- எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஆபத்தான சார்ஜ் இருக்கும். நல்லா வேலை செய்யுற இன்னொண்ணை மாட்டிப் பாருங்க.

9/
ரொம்ப முக்கியம்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ரேமையும் மாத்தி, டிரைவரையும் மாத்தி, ஃபார்மேட்டும் போட்டா, எது சரிசெஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. திரும்ப வந்தா மறுபடி முதல்ல இருந்து.

பொறுமையும் வேணும். மாசம் ஒருமுறை வலிப்பு வர்றவருக்கு, மாத்திரை கொடுத்து ரெண்டு நாள் வலிப்பு வரலைன்னா குணமாயிட்டார்னு சொல்ல முடியுமா? வாரம் ஒருமுறை நிக்கிற கம்ப்யூட்டரைக் குறைஞ்சது மூணு நாலு வாரம் கவனிங்க.

10/
கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "ஒரு மணி நேரத்தில் வேணும்"னு நிக்கிறது நாமதான். ரெண்டு நாள் வெச்சுச் சோதிச்சு, "இந்த ரேம்தான் காரணம்"னு சொன்னா, "பார்த்ததுக்கா இவ்வளவு காசு?"ன்னு கேட்கிறதும் நாமதான். ஊசி போடாத டாக்டருக்கு எதுக்கு ஃபீஸ்னு கேட்கிற அதே மனசு. கண்டுபிடிக்கிற வேலைக்குக் காசு கொடுக்கப் பழகணும். இல்லைன்னா எல்லாருக்கும் ஃபார்மேட்தான் கிடைக்கும்.

11/
அப்ப ஃபார்மேட்டே கூடாதா? கூடும். ரேம், சூடு, கரன்ட், டிஸ்க் எல்லாம் சரின்னு பார்த்தாச்சு, டேட்டா காப்பி இருக்கு, டிரைவர், புது மென்பொருள் நீக்கியும் நிக்குது. அப்ப தாராளமாப் போடுங்க. கடைசி மருந்தைக் கடைசியில் கொடுக்கணும்.

12/
அடுத்த முறை கடையில் "ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொன்னா, பணிவா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதனால நிக்குதுன்னு தெரிஞ்சுதாண்ணே?"

பதில் இல்லைன்னா கம்ப்யூட்டரைக் கொடுக்காதீங்க. இன்னைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாம ஓடுறவங்க, இந்தத் திரெட்டை மூடிட்டு முதல்ல போட்டோக்களை ஒரு காப்பி எடுத்து வைங்க.