கேஷ்லெஸ்னா ஃப்ரீன்னு அர்த்தம் இல்லைங்க!

கார் இடிபட்டதும், "கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப்தானே, கவலை இல்லை"ன்னு வண்டியை விட்டுட்டு வந்துடாதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில, புது பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிச்சுதான் இன்சூரன்ஸ் தரும். ஜீரோ டெப் இருந்தாலும், 1500 சிசி வரையுள்ள கார்னா 1000 ரூபாய் கட்டாயமா நம்ம தலையில.

அதனால என் கருத்து இதுதான்: கடையோட பேரைப் பார்க்காதீங்க, எஸ்டிமேட்டைப் பாருங்க. டிங்கரிங் பண்ணா எவ்வளவு, பாகத்தை மாத்தினா எவ்வளவு, அதுல என் கையிலிருந்து எவ்வளவு? இந்த மூணையும் எழுதித் தர்ற கடையில வண்டியை விடுங்க. சர்வேயர் பார்க்கும் முன்னாடி எதையும் கழட்ட விடாதீங்க.

சின்ன அடியா? கைக்காசு போட்டுடுங்க. 50% வரை சேர்த்த நோ கிளெய்ம் போனஸ், பொதுவா ஒரே கிளெய்ம்ல பூஜ்யமாகிடும். கணக்கு போட்டுட்டு முடிவெடுங்க!