சீமான் செலவு நாட்டின் செழிப்பாகுமா?

நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், கடைத்தெருவைப் பார் என்கிறார்கள் சிலர். விலையுயர்ந்த கைப்பையும் கடிகாரமும் நன்றாக விற்றால் காலம் நன்றாக இருக்கிறதாம். விற்பனை சரிந்தால் மந்தம் வருகிறதாம். ஆடம்பரச் செலவே நாட்டின் நாடி என்னும் இந்த வாதத்தைத் தொழிலாளர்களாகிய நாம் சற்று நிறுத்துப் பார்ப்பது அவசியம். சம்பளப் பேச்சு வரும்போது இதுபோன்ற வாதங்கள் நமக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

இதில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. அரிசியும் உப்பும் எக்காலத்திலும் வாங்கியே தீர வேண்டியவை. ஆடம்பரப் பொருளோ தள்ளிப்போடக் கூடியது. வருங்காலத்தைப் பற்றிப் பயம் வந்தால் பணமுள்ளவன் முதலில் அதைத்தான் நிறுத்துவான். ஆகவே அவனுடைய மனநிலையை அது காட்டும். ஆனால், அவனுடைய மனநிலையை மட்டுமே காட்டும்!

சான்று வேண்டுமா? பிரான்ஸ் நாட்டு எல்.வி.எம்.எச். உலகிலேயே பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனம். அதன் விற்பனை 2019இல் ஏறத்தாழ 5,370 கோடி யூரோ. கொள்ளைநோய் பரவிய 2020இல் அது சுமார் 4,465 கோடியாக இறங்கியது. 2021இலோ சுமார் 6,420 கோடியாக, நோய்க்கு முந்திய அளவையும் தாண்டிவிட்டது. அதே 2021இல் உலகத் தொழிலாளியின் நிலை என்ன? 2019 இறுதியோடு ஒப்பிட்டால், பன்னிரண்டரைக் கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான வேலை நேரம் குறைந்திருக்கும் என்று அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் அவ்வாண்டு அக்டோபரில் மதிப்பிட்டது. கைப்பைக் கணக்கை மட்டும் பார்த்தவனுக்கு உலகம் குணமாகிவிட்டது. வேலை இழந்தவனுக்கு? பங்களாவில் விளக்கெரிந்தால் லயத்தில் அடுப்பெரிகிறது என்று பொருளல்ல.

நமக்கேற்ற அளவுகோல் வேறு. எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானியப் புள்ளிவிவர அறிஞர் (மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து 1857இல் ஓர் உண்மையை வெளியிட்டார். குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ, அவ்வளவுக்கு அதன் செலவில் பெரும்பங்கு உணவுக்கே போய்விடும் என்பதே அது. நாட்டின் உண்மை நிலையை மளிகைக் கடைக் கணக்கு சொல்லும். நகைக்கடைக் கண்ணாடி சொல்லாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. தொழிலாளி வீட்டில் ஒரு டெலிவிஷனும் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றால், “இவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்கத் துணிகிறார்கள். இருட்டோடு மரம் வெட்டப் போகிறவனுக்கு வண்டி ஆடம்பரமா? தவணையில் வாங்கிய பொருள் செல்வத்தின் அடையாளமன்று. இன்னும் வாங்காத சம்பளத்தின் மீது ஏறிய கடன். மழை பெய்து வெட்டு நின்றாலும் தவணை நிற்பதில்லை.

2025 பிப்ரவரி 1 முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. அது போதுமா, போதாதா? வெறும் கூச்சல் இதற்கு விடையாகாது, கணக்கு வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் மூன்று மாதமாவது அரிசி, மீன், பால்மாவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, தவணை, கடைக் கடன், அடகு வட்டி அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நாள்தோறும் செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாம் அதற்கு உதவக் கடமைப்பட்டவர்கள்.

சம்பளத்தில் எத்தனை பங்கு சோற்றுக்கே போகிறது என்பதை அந்த நோட்டு காட்டும். சங்கப் பிரதிநிதி அதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்துவிட்டால், எவனோ வாங்கிய கடிகாரத்தைக் காட்டி நம் வாயை அடைக்க எவராலும் முடியாது. தோழர்களே, இம்மாதமே எழுதத் தொடங்குங்கள்!