சுகர் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போன். "சாப்பிட்டீங்களா? சுகர் எவ்வளவு இருக்கு? மாத்திரை போட்டாச்சா?" மூன்று கேள்வி, கடமை முடிந்தது. புனேயோ லக்னோவோ, வெளிமாநிலத்தில் இருக்கும் நம் எல்லார் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? நானும் பல வருடமாக இதைத்தான் செய்தேன். இந்தப் பதிவு அந்த மூன்று கேள்விகளுக்கு எதிரானது. கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன லீவில் அக்கா ஒரு துணிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்களை எடுத்து வைத்தாள். அத்தானுக்கு இப்போது வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். "திடீர்னு எப்படிடா கிட்னி போகும்?" என்று கேட்டாள்.

வவுச்சர் டிக் அடித்துப் பழகிய கை. தேதிவாரியாக அடுக்கினேன். திடீரென்று எதுவும் போகவில்லை. 2016-இல் யூரின் ஆல்புமின் 'ட்ரேஸ்'. 2018-இல் ஒரு பிளஸ். 2019-இல் இரண்டு பிளஸ். அதே தாள்களில் கிரியேட்டினின் 0.9, 1.0, 1.1. "கிட்னி நார்மல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிளஸ் குறியைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை!

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் போனால் என்.பி.ஏ. அதற்கு முன்பே தவணை தவற ஆரம்பிக்கும்போது எஸ்.எம்.ஏ. என்று குறித்துக் கண்காணிக்கிறோம். கிரியேட்டினின் ஏறுவது என்.பி.ஏ. மாதிரி. கிட்னியின் வேலைத்திறன் பாதி போகும்வரை கூட அது நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். சிறுநீரில் ஆல்புமின் கசிவதுதான் எஸ்.எம்.ஏ. ரத்தத்தில் இருக்கவேண்டிய இந்தப் புரதத்தை, நல்ல வடிகட்டி வெளியே விடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த வடிகட்டியை அரிக்கும்போது முதலில் ஒழுகுவது இதுதான். வலிக்காது, காய்ச்சல் வராது. கசிவு அதிகமானால் சிறுநீர் நுரைக்கலாம், அவ்வளவுதான்.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் சிறுநீரை ஒரு ஸ்பூனில் ஊற்றி மெழுகுவர்த்தியில் சூடாக்கி, அது திரிவதைப் பார்த்துச் சொன்னார். புத்தகமாக எழுதியது 1827-இல்! நமக்கு அடுக்குமாடி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்பூன் புத்திதான் இல்லை.

முதல் குற்றவாளி, ஹெல்த் செக்கப் பேக்கேஜ். "எண்பது டெஸ்ட், தள்ளுபடி விலை" என்று விளம்பரம். வைட்டமின் டி இருக்கும், பி12 இருக்கும். நான் பார்த்த பலவற்றில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், அதாவது ஏ.சி.ஆர்., இல்லை. பட்டையை முக்கிப் பார்க்கும் சாதாரண யூரின் டெஸ்டில் ஆரம்பக் கசிவு தப்பிவிடலாம். அதைப் பிடிப்பது ஏ.சி.ஆர். தான். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் அபாயம். டைப் 2 சர்க்கரை என்றால், கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடம் ஒருமுறை பார்க்கவேண்டும்.

இரண்டாவது, ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதும் டாக்டர்கள். மூன்றாவது நாம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோமே!

"ஏன் சார் பயமுறுத்துறீங்க, காய்ச்சல் வந்தாலே புரதம் வருமே?" என்பீர்கள். வரும். கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று இருந்தாலும் வரும். அதனால்தான் ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்காமல், மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். மறுபடி பார்ப்பது வேறு, பார்க்காமலே விடுவது வேறு.

"நம்ம ஊருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்றும் கேட்பீர்கள். சென்னையின் டாக்டர் எம்.கே.மணி 1990களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் ஓர் அமிலத்துளி விட்டுப் புரதம் பார்க்கவைத்தார். கிராமத்தில் முடிந்தது பேக்கேஜில் முடியாதா?

கண்டுபிடித்தால் வழி இருக்கிறது என்பதுதான் என் ஆத்திரத்துக்கே காரணம். ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் கசிவைக் குறைக்கின்றன. டாபாக்லிஃப்ளோசின் கிட்னி கெடுவதைத் தாமதப்படுத்துவதை 2020-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. பிறகு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் அவரிடம் கேட்கவேண்டியது நாம்தான்.

அடுத்த ஞாயிறு போன் பேசும்போது நான்காவது கேள்வியாக இதைக் கேளுங்கள்: "யூரின்ல ஏ.சி.ஆர். பார்த்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் இங்கிருந்தே லேபுக்குச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். பழைய ரிப்போர்ட்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி வரிவரியாகப் படியுங்கள்.

அக்காவின் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? "திடீர்னுதான்க்கா போச்சு" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன். வேறென்ன சொல்ல?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த வங்கிக்காரன். சிகிச்சைக்கு டாக்டரைத்தான் பாருங்கள். ரிப்போர்ட் படிக்க மட்டும் யாரும் பி.காம். கூடப் படிக்கவேண்டாம்.