திங்கட்கிழமைத் திருடன்

என் கார் வாரத்தில் ஆறு நாள் சாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரி சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும்.

"பேட்டரி அவுட் சார்" என்றார் கடைக்காரர். புதுசு மாட்டினேன். அடுத்த திங்கள் அதே பல்லி!

ஆபீஸுக்கு லேட்டானால் பரவாயில்லை, அது வழக்கம்தான். ஆனால் அந்தத் திங்கள் ஆறரை மணிக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நானும் வாட்ச்மேனும் தள்ளினோம். திரும்பிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவும் தள்ளுகிறார்! கடைசியில் ஆட்டோ. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சந்தேகம் முதலில் டிக்கி பல்பின் மேல். செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினேன். மூடியதும் இருட்டு. பல்பு நிரபராதி. "இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?" என்று என் மனைவி எதிர்வீட்டு மாமியிடம் கேட்டது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

தெருமுனை எலக்ட்ரீஷியன் பாயைக் கூப்பிட்டேன். சார்ஜ் ஏற்றிய பேட்டரி 12.6 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14.2.

"ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு சார். வண்டி நிக்கும்போது யாரோ குடிக்கிறாங்க."

நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைச் சேர்த்தார், 10 ஆம்பியர் ஓட்டையில். "இப்ப சாவியைத் தொட்டுடாதீங்க. மீட்டர் ஃபியூஸ் போயிடும்." கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் மூடினார். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்ப வேண்டுமாம். அரை மணி நேரம் டீ.

"வண்டி தூங்கணும் சார். அப்பத்தான் உண்மை தெரியும்."

தூங்கிய வண்டி 0.42 ஆம்பியர் காட்டியது. கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்த்தே 0.05 தாண்டக் கூடாதாம். கணக்குப் போட்டேன். வெள்ளி ராத்திரி நிறுத்தினால் திங்கள் காலைவரை 60 மணி நேரம். 25 ஆம்பியர்-அவர் காலி. என் பேட்டரியே 35தான்! மற்ற நாளில் ஆபீஸ் போய் வருவதில் மறுபடி ஏறிவிடுகிறது.

பாய் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ரேடியோ... அசையவில்லை. ஹாரன்... ம்ஹூம். உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் தடாலென்று 0.03க்கு விழுந்தது. விளக்கோ எரியவேயில்லை! அந்த ஃபியூஸிலிருந்து ஒரு மெல்லிய வயர் திருட்டுத்தனமாக மேலே ஏறிக் கண்ணாடிக்குப் பின்னால் போனது.

கேமரா. தீபாவளிக்கு மச்சினன் உபயம். நிறுத்திய வண்டியில் யாராவது கைவைத்தால் பிடிக்க, ராப்பகலாக விழித்திருக்கும்படி அவனே மாட்டியது. தகராறு தொடங்கியதும் தீபாவளிக்கு அப்புறம்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

சாவி போட்டால் மட்டும் ஓடுகிற வயருக்கு அதை மாற்றிவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார் பாய்.

அடுத்த திங்கள் அப்பாவுக்கு செக்கப். ஒரே திருப்பு, உறுமியது. கறுப்புக் கண்ணாடியோடு முன் சீட்டில் ஏறினார். "எதுக்கும் ஆட்டோவை நிக்கச் சொல்லட்டுமாடா?" என்றார்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது மச்சினனிடமிருந்து போன்.

"மாமா, பொங்கலுக்கு வரும்போது பின்பக்கத்துக்கும் ஒரு கேமரா வாங்கிட்டு வரேன்!"