பத்தாவது ஆள்

தாயையோ தந்தையையோ இழந்த யூதருக்கு அவரது சமயம் ஒரு கடமையை விதிக்கிறது. பதினொரு மாத காலம், நாள்தோறும் தொழுகையின்போது "கதீஷ்" என்னும் துதியை அவர் சொல்லவேண்டும். பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அந்தத் துதியில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இறைவன் திருநாமம் பெருமை பெறுக என்பதே அதன் சாரம். துக்கத்திலும் கடவுளைப் புகழும் பிள்ளையின் புண்ணியம் பெற்றோரைச் சேரும் என்பது நம்பிக்கை.

பன்னிரண்டு மாதம் ஏன் சொல்வதில்லை? தீயோருக்குத்தான் மறுமையில் பன்னிரண்டு மாதத் தண்டனை என்பது பழைய வாக்கு. பெற்றவரைத் தீயவர் என்று எந்தப் பிள்ளை நினைப்பான்? ஆகவே ஒரு மாதம் குறைத்தார்கள்.

ஆனால் கதீஷைத் தனியே சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு "மின்யான்" என்று பெயர். பழைய மரபினர் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்களை மட்டுமே எண்ணுவர். அமெரிக்காவில் கன்சர்வேடிவ் பிரிவு பெண்களையும் சேர்த்து எண்ண 1973-இல் இடமளித்தது. யாரை எண்ணினாலும் கணக்கு பத்துதான். ஒன்பது மகா பண்டிதர்கள் கூடினாலும் போதாது!

சிறிய சபையின் சங்கடம்

பெரிய நகரங்களில் இது தொல்லையில்லை. சிறிய ஊரில்தான் சிக்கல். சனிக்கிழமை ஓய்வுநாளில் எப்படியோ பத்துப் பேர் சேர்ந்துவிடுவர். மற்ற நாட்களில் ஐந்தாறு பேர் வந்தால் அதிகம். அங்கே தந்தையை இழந்த மகன் என்ன செய்வான்? வேறு ஜெப ஆலயத்துக்குப் போனால் துதி தடைப்படாது. ஆனால் தந்தை ஆயுள் முழுவதும் தொழுத இடத்தில் ஒரு தலை குறையும்.

ஒவ்வொரு தலையாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியே சான்று. மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. 1948-இல் இஸ்ரேல் அமைந்த பிறகு கொச்சி யூதரில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். நாளடைவில், எஞ்சிய சிலரால் பத்துப் பேரைச் சேர்க்க இயலவில்லை. வெளியூரிலிருந்து வரும் யூதரை எதிர்பார்க்க நேர்ந்தது. கட்டடம் நிற்கிறது, கூட்டம் இல்லை.

எது கடமை?

வார நாட்களில் பத்துப் பேர் எங்கே உண்டோ, அங்கே மகன் போகட்டும். அதைத் துரோகம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தன் ஊரில் ஆள் சேராத குறைக்கு அவனுடைய தந்தையா பலியாவது? ஆனால் ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அவன் சொந்தச் சபையில் இருக்கவேண்டும். கதீஷ் பெற்றோருக்கு உதவும். எனினும் பிள்ளைகள் நல்வழியில் நடப்பதே முக்கியம் என்று கற்றறிந்த ரபிகள் எழுதியிருக்கிறார்கள். தந்தை கட்டிக்காத்த சபையைத் தாங்குவதும் நல்வழிதானே?

எங்குமே பத்துப் பேர் கிடைக்காத நாளில் "மிஷ்னா" என்னும் நூலைப் படிப்பதும் வழக்கம். எபிரேய மொழியில் அந்தச் சொல்லின் எழுத்துக்களை மாற்றியடுக்கினால் ஆன்மா என்று பொருள்படும் "நெஷமா" வரும்.

உண்மையில் கேள்வி கேட்கப்படவேண்டியவன் துக்கத்தில் இருப்பவன் அல்ல. வீட்டில் தங்கிவிட்ட மற்றவர்கள்தான். தங்கள் வீட்டில் சாவு நேர்ந்தால் பதினொரு மாதம் தவறாமல் வருவார்கள். பன்னிரண்டாம் மாதம் அவர்களைக் காண முடியாது! அவர்களுடைய கதீஷுக்காக ஒன்பது பேர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து வந்தார்களே, அந்தக் கடனை எப்போது தீர்ப்பது?

தனி மரம் தோப்பாகாது. அடுத்த வீட்டுத் துக்கத்துக்குப் பத்தாவது ஆளாக வந்து நிற்பவனே தன் பெற்றோருக்கும் முழுக்கடன் செய்தவன்.