மணி அடித்தால் அடுத்த பாடம்

சென்ற மாதம் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு சிநேகிதி வீட்டில் ஜாகை. காலை எட்டு மணிக்கு அந்த வீட்டில் நடந்த அமளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒன்பதாவது படிக்கும் பெண் கூடத்தில் உட்கார்ந்து பையில் புத்தகங்களை அடுக்குகிறாள். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு, சிலதற்கு இரண்டு. ஜியாமெட்ரிப் பெட்டி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா.

"இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க அக்கா. நானே மூச்சு வாங்குதேன், இவ தினம் சுமக்கா!" என்றாள் சிநேகிதி.

தூக்கிப் பார்த்தேன். உடனே கீழே வைத்துவிட்டேன்.

பெண் சிரித்தாள். "கனம்கூடப் பெரிசில்ல, பெரியம்மா. லாபிலே எல்லாத்தையும் எடுத்து வச்சு, டீச்சர் சொல்லி முடிக்கவும் மணி அடிச்சிரும். நாங்க செய்யதுக்கு முன்னாலேயே எல்லாத்தையும் கழுவி வைக்கணும். அடுத்த தடவ மறுபடியும் முதல்லேருந்து."

அவள் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. நம் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் நாளைக்கு எட்டுப் பீரியட்; ஒவ்வொன்றும் 40 அல்லது 45 நிமிஷம். அதில் வகுப்பு அமைதியாக ஐந்து நிமிஷம், வருகைப் பதிவுக்கு மூன்று நிமிஷம், நேற்றுக் கொடுத்த கணக்கைப் பார்க்கப் பத்து நிமிஷம். மீதி எவ்வளவு என்று நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்றாக ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 1990-களில் அது வேகமாகப் பரவியது. நாளைக்கு எட்டுப் பாடங்களுக்குப் பதில் நாலே பாடம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 நிமிஷம். இதிலும் இரண்டு தினுசு. ஒன்றில், இன்று நாலு பாடம், நாளை வேறு நாலு பாடம் என்று மாறி மாறி வருஷம் முழுவதும் ஓடும். மற்றதில், முதல் அரை வருஷத்தில் நாலு பாடங்களைத் தினமும் படித்து அடியோடு முடித்துவிட்டு, அடுத்த அரை வருஷத்தில் மீதியைத் தொடங்குவார்கள். மாஸசூஸெட்ஸில் பள்ளி நிர்வாகியாக இருந்த ஜோசப் காரல் என்பவர் 1980-களில் இப்படி ஒரு திட்டத்தைச் சொல்லி, அதற்குக் கோப்பர்நிகஸ் என்ற வான சாஸ்திரியின் பெயரையே வைத்தார். பூமி சுற்றுகிறது என்று சொன்னபோது எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள் அல்லவா? தம்மையும் அப்படிக் கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது!

நம் தேசத்திலும் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. 2023-ல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டம், சில பாடங்களுக்கு இரண்டு பீரியட்களை ஒன்றாக இணைத்து நீண்ட வகுப்பு வைக்கலாம் என்கிறது. தமிழ்நாடு தனி வழி போகிறது. 2025 ஆகஸ்டில் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. கொள்கைச் சண்டை இங்கே நமக்கு வேண்டாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு எது நல்லது என்று மட்டும் பார்ப்போம்.

நீண்ட வகுப்பின் அநுகூலத்தைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அல்வாக் கிளறியவர்களுக்குத் தெரியும். சம்பாக் கோதுமையை ஊற வைத்து, ஆட்டிப் பால் எடுத்து, அடுப்பில் ஏற்றிவிட்டால் பிறகு கை ஓயக் கூடாது. நாற்பது நிமிஷம் கிளறி இறக்கி வைத்து, மறுநாள் மீண்டும் நாற்பது நிமிஷம் கிளறினால் கிடைப்பது அல்வா அல்ல. ஓர் இரசாயனப் பரிசோதனையும், ஒரு கட்டுரையை யோசித்து எழுதித் திருத்துவதும், ஒரு படம் வரைவதும் அந்த ஜாதி. 90 நிமிஷம் கிடைத்தால் அந்தப் பெண் குழாயைத் தன் கையால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். பையில் பாதி கனம் குறையும். இரவு எட்டுப் பாடத்துக்கு வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டு கண்ணைக் கசக்க வேண்டாம்.

இதே திருநெல்வேலியில், இந்து கலாசாலைப் பள்ளியில், 1894 முதல் 1897 வரை படித்தவர் பாரதியார். அந்தப் படிப்பைப் பற்றி அவர் தம் சுயசரிதைப் பாட்டில் எவ்வளவு கசந்து பாடியிருக்கிறார் தெரியுமா? பன்னிரண்டு வருஷம் கணிதம் படித்தவர்களுக்கு வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் நிலை தெரியவில்லையே என்பது அவர் குறைகளில் ஒன்று. நட்சத்திரம் பார்க்க மணி அடிக்காத நேரம் வேண்டும்!

ஆனால், சமையலறையில் அல்வா மட்டுமா இருக்கிறது? தயிரும் இருக்கிறது. ஒரு கரண்டி மோரை விட்டு மூடி வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். நாம் கிளறாத நேரத்தில்தான் அது தோய்கிறது. பாஷையும் கணக்கும் இந்த ஜாதி. வீணை கற்றவர்களைக் கேளுங்கள்: தினம் அரை மணி சாதகம் செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி வாசிக்கிறவளை முந்திவிடுவாள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே ஞாபகத்தைப் பற்றித் தம்மையே பரிசோதனை செய்துகொண்டு, ஒரே மூச்சில் நெட்டுருப் போடுவதைவிட நாள் விட்டு நாள் பார்ப்பது நிலைக்கும் என்று கண்டார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தை ஆராய்ந்து 1990-ல் வெளிவந்த ஆய்விலும், அரை வருஷத்தில் முடித்தவர்களைவிட வருஷம் முழுவதும் படித்தவர்களே மேல் என்று தெரிந்தது.

இன்னொரு சங்கடம்: 40 நிமிஷம் பேசியே ஓட்டுகிற உபாத்தியாயர், 90 நிமிஷம் கொடுத்தால் 90 நிமிஷமும் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்கும் குழந்தைகளை நினைத்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. அவர் லீவு போட்டாலோ, அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை என்றாலோ, ஒன்றரை மணி நேரம் வகுப்பு சந்தைக்கடைதான்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். தாமிரவருணிக் கரைக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. அதுதான் மழை.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு பாதி, நவம்பர் முதல் மார்ச் வரை மறு பாதி என்று பாடங்களைப் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் என்ன வருகிறது? வடகிழக்குப் பருவ மழை. கலெக்டர் விடுமுறை. அரைப் பரீட்சை. அதற்குப் பின் விடுமுறை. பொங்கல். அப்புறம் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆயிற்று என்பதை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்கள் மூடின, பரீட்சைகள் தள்ளிப் போயின. வருஷம் முழுவதும் எல்லாப் பாடமும் ஓடினால் அந்த நஷ்டம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகும். அரை வருஷ ஏற்பாட்டில், மழைக் காலத்தில் மாட்டிய நாலு பாடங்களே முழுதும் நனையும்.

சரி, முதல் பாதியில் படித்த பாடமாவது தப்பித்ததா? அக்டோபரில் முடித்த கணக்கைப் பொதுத் தேர்வுக்காக மார்ச் வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பாடம் முடிந்ததும் பள்ளியே பரீட்சை வைத்து மார்க் போட்டுவிடும். நமக்கோ பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் வருஷக் கடைசியில் ஒரே பரீட்சை. அதை மாற்றாமல் கால அட்டவணையை மட்டும் மாற்றுவது, ஜாக்கெட் பழைய அளவிலேயே இருக்கக் கையை மட்டும் வெட்டித் தைப்பது போல!

கால அட்டவணை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். அதனால் ராஜ்யமே ஆடியிருக்கிறது. 1953-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளைக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரண்டு 'ஷிப்டு' ஆக்கினார்கள். கட்டடமும் உபாத்தியாயரும் போதாத காலத்தில் அதிகக் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால், மிச்ச நேரத்தில் குழந்தைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார்களே, அங்கேதான் கிளம்பிற்று எதிர்ப்பு. 'குலக் கல்வி' என்று பெயர் விழுந்தது. சலவைத் தொழிலாளியின் மகன் சலவைதான் கற்க வேண்டுமா என்று ஜனங்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் வந்தார், அந்த வருஷமே திட்டம் போய்விட்டது. பள்ளி மணியைத் தொட்டால், வீட்டில் யாருடைய வேளை மாறுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகையால், என்னைக் கேட்டால் அரை வருஷப் பங்கீடு நமக்கு வேண்டாம். தமிழும் இங்கிலீஷும் கணக்கும் தினம் இருக்கட்டும். விஞ்ஞானத்துக்கும் சித்திரம், கைத்தொழிலுக்கும் வாரத்தில் இரண்டு நாள் இரட்டைப் பீரியட் கொடுக்கட்டும். இதற்குச் சட்டமோ சர்க்கார் உத்தரவோ கேட்டுக் காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பல மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ செய்முறை வகுப்புக்கு இப்படித்தானே செய்கிறார்கள்? ஒன்பதாவதுக்கும் செய்தால் என்ன? தலைமையாசிரியை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அட்டவணையைக் கலைத்துப் போட வேண்டும். அது சாமானிய வேலை அல்ல என்பதும் உண்மை. ஒரு கட்டத்தை நகர்த்தினால் ஒன்பது கட்டம் இடிக்கும்.

சர்க்கார் பள்ளியில் உங்கள் குழந்தை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்று சீட்டு வந்தால் அடுப்பைக் காரணம் சொல்லித் தப்பிக்காமல் போய் உட்காருங்கள்.

என் சிநேகிதி அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறாள். இரட்டைப் பீரியடைக் காலையில் முதலாவதாக வைத்துவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லும்படி அவளிடம் கூறியிருக்கிறேன். அந்த வகுப்பில் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் நாலைந்து பேர் உண்டாம். பஸ் தாமதமானால் இப்போது அவர்களுக்குப் போவது 40 நிமிஷம். அப்போது 80 நிமிஷம் போய்விடும். இடைவேளைக்குப் பிறகு வைத்தால், எல்லோரும் வந்திருப்பார்கள்.