ஏலத்தை ஏலம் விடுற ஊர்ல கேஷ்

டிஸ்கி: இது பொட்டி தட்டுற பதிவு. ஆனா நடுவுல ஏலக்காய் வாசம் வரும், மத்தவங்களும் தாராளமா படிக்கலாம் :-)

எங்க போடிநாயக்கனூர்ல ஏலத்தையே ஏலம் விடுவாங்க. ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் 2007-ல் வந்தது. 2021-ல் அதை கிளவுடுக்கு மாத்தி, போடியில இருக்கிற வியாபாரியும் மலைக்கு மேல புத்தடியில இருக்கிற வியாபாரியும் ஒரே நேரத்துல விலை கேட்கிற மாதிரி செஞ்சாங்க. அதுக்குள்ள ஓடுற மென்பொருள் பத்தி நான் பேசல. அந்த விலையை வாங்கி, நம்ம கடைகள் தங்களோட கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்கன்றதுதான் விஷயம்.

டேட்டாபேஸ்ங்கிறது கணக்குப்பிள்ளையோட பேரேடு. கேஷ்ங்கிறது கடை வாசல்ல தொங்குற கரும்பலகை. வர்றவன் போறவன் எல்லாம் விலை கேட்டா ஒவ்வொரு தடவையும் பேரேட்டைப் புரட்ட முடியாது, பலகையைப் பார்த்துக்கன்னு சொல்லிடலாம். மெம்கேஷ்டு அப்படித்தான் பொறந்தது. 2003-ல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் தன்னோட லைவ்ஜர்னலுக்காக எழுதினார். அதாவது, பதிவர்களுக்காகப் பொறந்த சரக்கு மக்களே!

நிற்க. பலகையில ஒரே ஆள் எழுதினா வம்பில்ல. மூணு பாஷைக்காரங்க எழுதினா?

கம்பம் பக்கம் ஒரு கமிஷன் கடை, பேர் வேண்டாம். வெப்சைட் பிஎச்பி, எஸ்எம்எஸ் அனுப்புறது ஜாவா, கணக்கு டாட்நெட். மூணுக்கும் ஒரே டேட்டாபேஸ், ஒரே மெம்கேஷ்டு. பிஎச்பி தன் பாணியில சுருட்டி வெச்ச ஆப்ஜெக்டை ஜாவாவால பிரிக்க முடியல. செஞ்சு கொடுத்தவங்க என்ன பண்ணாங்க? ஆளுக்கொரு கீ கொடுத்துட்டாங்க. ஒரு கடைக்கு மூணு பலகை! டாட்நெட் பேரேட்டுல விலையை மாத்தி, தன் பலகையை மட்டும் அழிச்சது. வெப்சைட்ல பழைய விலையே நின்னுச்சு. கம்பம்மெட்டு ஏறிப்போய் தோட்டம் பாக்கிற ஒரு சம்சாரி, அதை நம்பி மூணு மூட்டையைக் குறைஞ்ச விலைக்கு வேற ஆள்கிட்ட தள்ளிட்டார். வருஷம் பூரா பாடுபட்ட காசுங்க அது. 'சர்வர் ஸ்லோ' கதை இல்லை.

என் கட்சி இதுதான்.

ஒண்ணு, கேஷ்ல எந்த மொழியோட சொந்தச் சுருட்டலும் வேண்டாம். எல்லாருக்கும் புரியிற ஜேசன் போதும். விலையைப் பைசாவாக்கி முழு எண்ணா வைங்க, தசமப் புள்ளித் தகராறு வராது.

ரெண்டு, கீ பேர் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. மெம்கேஷ்டு சர்வர் ரெண்டு மூணு இருந்தா, எந்தக் கீ எந்த சர்வருக்குப் போகணும்னு முடிவு பண்றது அந்தந்த மொழியோட கிளையன்ட் லைப்ரரி. கணக்குப் போடுற முறை வேற வேறயா இருந்தா, ஜாவா ஒரு வீட்டுல அழிக்கும், பிஎச்பி இன்னொரு வீட்டுல படிக்கும்.

மூணு, முதல்ல டேட்டாபேஸ்ல எழுதி கமிட் பண்ணுங்க, அப்புறம் கேஷை அழிங்க. புது விலையை கேஷ்ல நேரா எழுதாதீங்க, பிந்தி வந்தவன் பழசை மேல எழுதிட்டுப் போயிடுவான். அழிச்சாலும் சின்ன இடுக்கு இருக்கு. முன்னாடியே பழைய விலையைப் படிச்சவன், அழிச்சதுக்கு அப்புறம் கொண்டுவந்து வைக்கலாம். அதனால ஆயுசைக் குறைச்சு வைங்க. ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில, மைஎஸ்க்யூஎல்லோட கமிட் பதிவைப் பார்த்து அழிக்கச் சொல்ற தனி ஏற்பாட்டை விளக்கியிருக்காங்க. எந்த மொழியில எழுதினாலும், அழிக்கச் சொல்றது பேரேடு பக்கத்துல இருந்தே வரும். எனக்குப் பிடிச்ச வழி அதுதான்.

நாலு, காசு கைமாறுற இடத்துல பலகையைப் பார்க்கவே கூடாது. பேரேட்டைத் திறங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நாப்பது பேர் பாக்கிற கடைக்கு எதுக்குங்க தனி கேஷ்? போஸ்ட்கிரெஸோ மைஎஸ்க்யூஎல்லோ, அடிக்கடி படிக்கிறதைத் தானே மெமரியில வெச்சுக்கும். இண்டெக்ஸ் ஒழுங்கா போட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சது. அதையும் மீறி இழுத்தா அப்புறம் பலகை மாட்டுவோம். ரெடிஸ் பேரைச் சொன்னா கொட்டேஷன்ல தொகை ஏறும்ங்கிறதுக்காக மாட்டாதீங்க.

'அதெல்லாம் கிடையாது, நாங்க மூணு மொழியை வெச்சு நல்லாவே ஓட்டுறோம்'னு சொல்ற பொட்டிதட்டி சிங்கங்கள் பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். தர்ம அடிக்கும் தயார் :-)